ஃப்ளூ தடுப்பூசியை எந்த மாதத்தில் போட்டுக்கொள்வது?

குடந்தைவாசி கேட்டது:

வணக்கம். கும்பகோணத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். அப்பாவுக்கு வயது 67. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டிருக்கிறது. சென்ற ஆண்டு பொங்கல் கழிந்த கையோடு ஒரு முகாமில் அவருக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டோம். அப்படியிருந்தும் கார்த்திகை அடைமழையில் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்துவிட்டார். "காசைக் கரைத்ததுதான் மிச்சம்" என்று சொல்லி இந்த ஆண்டு ஊசியே வேண்டாம் என்கிறார்.

ஆவணி பிறந்துவிட்டதால், மழைக்கு முன் எப்படியாவது போட்டுவிடலாம் என்று மருந்துக்கடையில் விசாரித்தேன். அவர்கள் எடுத்துக் காட்டிய பெட்டியில் தென் அரைக்கோளத்துக்கான மருந்து என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. நாம் இருப்பது வட அரைக்கோளம் அல்லவா? இதையே வாங்கலாமா, காத்திருக்க வேண்டுமா? நான்கு வயது மகனுக்கு இதுவரை இந்த ஊசி போட்டதில்லை. அவனுக்கும் சேர்த்துப் போடலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர்:

சகோதரி, அப்பா ஊசி போட்டுக்கொண்டதற்கும் காய்ச்சலில் விழுந்ததற்கும் நடுவே ஏறக்குறைய பத்து மாதங்கள் ஓடியிருக்கின்றன. ஊசி போட்ட இரண்டு வாரங்களில் உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாகிவிடும் என்றாலும், மாதங்கள் செல்லச் செல்ல, அதிலும் முதியவர்களிடம், அது தேய்ந்துகொண்டே வரும். ஆண்டுதோறும் போடச் சொல்வதற்கு வைரஸ் உருமாறுவது ஒரு காரணம் என்றால், இது மற்றொரு காரணம்.

இந்தியா முழுவதற்கும் ஒரே ஃப்ளூ பருவம் கிடையாது. டெல்லியிலும் கொல்கத்தாவிலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை பரவல் உச்சத்தில் இருக்கும். ஸ்ரீநகரில் அது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. சென்னையிலோ வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து அக்டோபர், நவம்பரில்தான் உச்சத்தைத் தொடுகிறது. ஆகவே நம் பக்கத்தில் தை மாதம் ஊசி போடுவது, வெள்ளம் வடிந்த பிறகு கரையை உயர்த்துவது போலத்தான். புரட்டாசி பாதிக்குள் போட்டு முடித்துவிடுவதே நல்லது.

பெட்டியில் உள்ள அரைக்கோளப் பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனம், எந்தெந்த வைரஸ் வகைகளைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டும் என்று ஆண்டுக்கு இரண்டு முறை பரிந்துரைக்கிறது: வடக்கே வரவிருக்கும் குளிர்காலத்துக்காகப் பிப்ரவரியிலும், தெற்கே வரவிருக்கும் குளிர்காலத்துக்காகச் செப்டம்பரிலும். அந்த இரண்டு பட்டியல்களில் எதன்படி மருந்து தயாரிக்கப்பட்டது என்பதை மட்டுமே பெட்டி சொல்கிறது. உங்கள் கடையில் இருப்பது சென்ற செப்டம்பர் மாதப் பட்டியலின்படி வந்தது. இந்தப் பிப்ரவரிப் பட்டியலின்படி தயாரான புதிய மருந்து வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் இங்கே வந்து சேரும். செப்டம்பர் நடுப்பகுதி வரை அதற்காகக் காத்திருக்கலாம் என்பது என் கருத்து. அதற்குள் வரவில்லை என்றால், காலாவதித் தேதியைச் சரிபார்த்துக்கொண்டு, இருப்பதையே போட்டுவிடுங்கள். இரண்டு பட்டியல்களும் பல ஆண்டுகளில் பெரிதாக வேறுபடுவதில்லை.

மாயவரத்தான்:

எங்கள் வீட்டில் நிலவேம்புக் குடிநீரும் மிளகு ரசமும்தான். ஆண்டுக்கொரு முறை இவ்வளவு செலவு செய்வது அவசியமா?

பொது மருத்துவர், திருச்சி:

மாயவரத்தான் ஐயா, ரசம் தொண்டைக்கு இதமாக இருக்கும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை, நானும் குடிப்பவன்தான். ஆனால் இங்கே பேச்சு ஸ்டென்ட் வைத்த ஒரு முதியவரைப் பற்றியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்புக்கான வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்காக இருந்ததைக் காட்டியது. சர்க்கரை நோயும் இதய நோயும் சேர்ந்து உள்ளவருக்கு ஊசியை வலியுறுத்துவது, மூக்கு ஒழுகாமல் இருப்பதற்காக அல்ல. நிமோனியா, மாரடைப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றைத் தவிர்ப்பதற்காக.

குடந்தைவாசி, அப்பாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். பரவும் வைரசும் ஊசியில் உள்ள வகையும் நன்கு பொருந்தும் ஆண்டுகளில்கூட, ஃப்ளூவினால் மருத்துவரிடம் செல்லும் நிலையை இது 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறைக்கிறது. சாதாரணச் சளிக்குக் காரணமான வேறு பல வைரஸ்களை இது தடுக்காது. கார்த்திகையில் வந்தது ஃப்ளூதானா என்பதே பரிசோதனை செய்யாமல் தெரியாது.

மகனுக்குத் தாராளமாகப் போடலாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் போடுமாறு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே பரிந்துரைக்கிறது. ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல் முறையாகப் போடும்போது, நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை என்பதை மறந்துவிடாதீர்கள். இரண்டாவது தவணைக்குப் பிறகுதான் முழுப் பலன் கிடைக்கும் என்பதால், அவனுக்கு நாளைக் கடத்த வேண்டாம். கிடைப்பதை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

மழைக்காலக் காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் டெங்குவும் அதே மாதங்களில்தான் வருகிறது. எது என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். உடம்பு வலிக்கிறதே என்று டைக்ளோஃபினாக் ஊசியோ ஐபுப்ரோஃபென் மாத்திரையோ கேட்டு வாங்க வேண்டாம், டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவை மோசமாக்கும். அப்பாவுக்குக் காய்ச்சலோடு இருமலும் தொடங்கினால், மூன்றாம் நாள் வரை பார்ப்போம் என்று இருந்துவிடாமல் முதல் நாளே மருத்துவரிடம் செல்லுங்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

மருந்துக்கடைக்காரர்:

வாங்குபவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான். கடை ஃப்ரிட்ஜில் வெப்பமானி இருக்கிறதா, மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். பனிக்கட்டியில் நேரடியாகப் புதைத்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்துச் செல்வதைவிட, ஊசி போடும் மருத்துவமனையிலேயே இருப்பு வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது மேல்.

மூன்று வைரஸ் வகைகளைத் தடுப்பது, நான்கு வகைகளைத் தடுப்பது என்று இரு விதமாக விற்பார்கள். நான்காவதாக இருந்த பி யமகதா வகை, 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் பரவுவதாக உறுதிசெய்யப்படவில்லை. ஆதலால் மூன்று வகை மருந்து விலை மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

குடந்தைவாசி:

அனைவருக்கும் நன்றி. மகனுக்கு நாளையே போட்டுவிடுகிறேன். பத்து மாதக் கணக்கைச் சொன்னதும் அப்பாவும் ஒருவழியாக இறங்கி வந்திருக்கிறார். இரத்தம் உறையாமல் இருக்க அவர் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். ஊசிக்கு முன் அவற்றை நிறுத்த வேண்டுமா?

பொது மருத்துவர், திருச்சி:

நிறுத்தவே கூடாது; ஸ்டென்ட் உள்ளவருக்கு அது ஆபத்து. மாத்திரை விவரத்தை ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லி, மெல்லிய ஊசியால் போடச் சொல்லுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்காமல், பஞ்சை வைத்துக் குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் தடுப்பூசி போட்டிருக்காவிட்டால், அதையும் அன்றே மறு கையில் போட்டுக்கொள்ளலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.