அம்மாவின் வேதாகமம், ஜெபக் குறிப்பேடு, நினைவு ஆராதனை: எதை எப்படிச் செய்வது?

இளையவள்:
அம்மா போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நினைவு ஆராதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர். கையில் இருப்பவை: அவர் தினமும் வாசித்த வேதாகமம் (முதுகு பிரிந்து ஆதியாகமத் தாள்கள் கழன்றுவிட்டன, ஓரமெல்லாம் பேனாவிலும் பென்சிலிலும் குறிப்புகள், தேதிகள்), ஒரு ஜெபக் குறிப்பேடு, வாட்ஸ்அப் குரல் பதிவுகள். வேதாகமத்தை லேமினேட் செய்யலாமா, பைண்டிங்குக்குக் கொடுக்கலாமா? ஆராதனையில் ஐந்து நிமிடம் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க வேண்டும். "வீட்டில்தானே இருந்தார், எழுத என்ன இருக்கிறது" என்று உறவினரே கேட்கிறார்கள். மனம் வலிக்கிறது.

பழந்தாள்:
ஆழ்ந்த அனுதாபங்கள், சகோதரி. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். செல்லோ டேப்பும் கூடாது. சில வருடங்களில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். டேப் உதிர்ந்தாலும் கறை போகாது.

பைண்டிங்குக்கும் அவசரப்படாதீர்கள். புத்தகம் சீராகத் தெரியவேண்டும் என்று பல பைண்டர்கள் மூன்று ஓரங்களையும் மெஷினில் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். உங்கள் அம்மா எழுதியதெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. கொடுத்தே ஆகவேண்டுமென்றால் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்த பிறகு, "ஓரம் வெட்டக்கூடாது" என்று எழுதியே கொடுங்கள். இப்போதைக்குக் கழன்ற தாள்களைப் பக்க வரிசையில் உள்ளே வைத்து, அகலமான வெள்ளைப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டினால் போதும். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொள்ளும்.

படம் எடுக்கும்போது: வேதாகமத் தாள் மிக மெல்லியது, பின்பக்க எழுத்து முன்னால் தெரியும். எடுக்கும் தாளுக்கு அடியில் கறுப்புத் தாள் ஒன்றைச் செருகினால் அது குறையும். புத்தகத்தை முழுக்க விரித்து அமுக்காதீர்கள். இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அண்டக்கொடுத்து 110–120 டிகிரி திறந்தால் முதுகுக்குச் சேதம் இல்லை. ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் நல்லது. ஸ்கேன் ஆப்பில் கறுப்பு-வெள்ளை ஃபில்டரை அணைத்துவிடுங்கள். மங்கிய பென்சில் கோட்டை அது அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடும். ஸ்கேனர் என்றால் கலரில் 400 டிபிஐ. எழுத்து அறவே மங்கிய இடத்தில் விளக்கை ஒரே பக்கத்திலிருந்து தாளை ஒட்டித் தாழ்த்திப் பிடியுங்கள். பேனா அழுந்திய தடம் நிழலாகத் தெரியும்.

உள்ளே செருகியிருக்கும் செய்தித்தாள் துண்டு, காய்ந்த பூ, குண்டூசி எல்லாவற்றையும் முதலில் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். பிறகு தனி உறைக்கு மாற்றி, எந்த அதிகாரத்தில் இருந்தது என்று உறைமேல் எழுதுங்கள். செய்தித்தாளின் அமிலம் பக்கத்துத் தாளைப் பழுப்பாக்கும், ஊசி துருவேறும்.

கடைசியாக ஓர் அட்டவணை: புத்தகம், அதிகாரம், வசனம், அவர் எழுதியது எழுதியபடியே, தேதி, பட எண். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். ஒரு சங்கீதத்தின் ஓரத்தில் வெறும் தேதி மட்டும் இருக்கும். அது யாருடைய அறுவைசிகிச்சை நாள், யாருக்குத் தேர்வு என்று வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

சபைமேசை:
உறவினருக்கு வேதத்திலேயே பதில் இருக்கிறது. அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காள் என்ற பெண் மரித்தபோது, விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காட்டியது அவள் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும். நீதிமொழிகள் 31:10–31 குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பாட்டு, எபிரெய எழுத்து வரிசைப்படி 22 வசனங்கள். அதில் ஆட்டுமயிரும் சணலும் ராட்டினமும் அணையாத விளக்கும் வருகின்றன. வீட்டு வேலையைத்தான் வேதம் அவ்வளவு விவரமாகப் பாடியிருக்கிறது.

நிதானமாக வாசித்தால் 5 நிமிடத்துக்குத் தமிழில் 400–450 சொல் தாங்கும். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 60 சொல்லில் முடியுங்கள். உறவினர் பெயர்ப் பட்டியலை அச்சுத்தாளில் போடுங்கள்; வாசித்தால் நேரம் அதிலேயே போய்விடும். கடைசி நோயைப் பற்றி இரண்டு வரி போதும். மீதி முழுவதும் அவருடைய ஒரு நாள், காலையிலிருந்து இரவுவரை.

"ஜெபவீராங்கனை" என்று எழுதினால் யாருக்கும் பொருந்தும். "அடுப்பு பற்றவைக்கும் முன் முழங்காலிட்டு, மூத்தவரிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி ஜெபிப்பார்" என்று எழுதினால் அந்த ஒருவரைத்தான் குறிக்கும். இப்படிப்பட்ட விவரத்துக்கு நான்கு பேரும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றாக உட்கார்ந்தால் முதலில் பேசுகிறவரின் நினைவே எல்லாருடைய நினைவாகிவிடும். கேள்விகள்: வேலை செய்யும்போது எந்தப் பாட்டை முணுமுணுப்பார்? வாசலுக்கு வருகிறவரை என்ன சொல்லி உள்ளே கூப்பிடுவார்? அவர் செய்துவந்ததில் இப்போது வீட்டில் யாரும் செய்யாதது எது? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் குறிப்பின் உயிர்.

வசனத்தை அவர் வாசித்த மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்து, அச்சுக்கு முன் அவருடைய வேதாகமத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வாசிப்பவருக்கு 16 பாயிண்டில் அச்சிட்டுக் கொடுங்கள். குரல் உடைந்தால் தொடர்ந்து வாசிக்க இன்னொருவர் கையில் ஒரு பிரதி இருக்கட்டும்.

இளையவள்:
இருவருக்கும் நன்றி. ஜெபக் குறிப்பேட்டின் சில பக்கங்களை நினைவு மலரில் போடலாமா? வேதாகமம் யாருக்கு என்பதிலும் பேச்சு ஓடுகிறது.

மூன்றாம்மணி:
பக்கத்தை அப்படியே போடாதீங்க அக்கா. அதில் பிறருடைய கடன், நோய், குடும்பச் சண்டை எல்லாம் பெயரோடு இருக்கும். அம்மாவை நம்பிச் சொன்னவை. உங்கள் குடும்பத்துக்கான வேண்டுதல்களை மட்டும், நான்கு பேரும் சம்மதித்த பிறகு போடுங்க. மற்றவரைப் பற்றிய வரியை அவரிடமே தனியாகக் காட்டலாம். தனக்காக இத்தனை நாள் ஒருவர் ஜெபித்தார் என்று பார்ப்பது அவருக்குப் பெரிய ஆறுதல்.

வேதாகமத்தைப் பிரித்துப் பங்கிட வேண்டாம். ஒருவர் வைத்திருக்கட்டும், படங்களிலிருந்து மற்ற மூவருக்கும் கலர்ப் பிரதி. யாரிடம் இருக்கிறது, அவருக்குப் பின் யாருக்கு என்பதை எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்க.

குரல் பதிவுகளை இன்றைக்கே பாருங்க. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்பாட்டில் இல்லாவிட்டால் பொதுவாக நீக்கப்படும். அவர் போனை ரீசெட் செய்யாதீங்க, சிம்மையும் உடனே ரத்து செய்யாதீங்க. உங்களுக்கு வந்த பதிவுகள் உங்கள் போனில் .ஓபஸ் (.opus) என்ற ஒலிக் கோப்புகளாக இருக்கும். அவற்றைக் கணினிக்கும் ஒரு பென்டிரைவுக்கும் நகலெடுத்து, கோப்பின் பெயரில் தேதியையும் யாருக்கு அனுப்பியது என்பதையும் சேருங்க.