கண்டெய்னருக்குள் ஓடுகிறது, பிரவுசரில் திறக்கவில்லை

கத்துக்குட்டி:
பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் பிளாஸ்க்கில் சின்னதாக ஒரு வரவு செலவு ஆப் எழுதினேன். உபுண்டு லேப்டாப்பில் நேரடியாக ஓட்டினால் சமர்த்தாக ஓடுகிறது. ஆப்பைத் தனிக் கண்டெய்னரில் அடைத்து ஓட்டும் டாக்கரில் போட்டால் டெர்மினலில் 127.0.0.1:5000 என்று காட்டுகிறது, ஆனால் பிரவுசரில் அதையே தட்டினால் திறக்கவில்லை. ரன் கட்டளையில் 5000 போர்ட்டை இணைத்தும் பார்த்துவிட்டேன். கண்டெய்னர் என்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் என்றுதான் வீடியோவில் சொன்னார்கள். அப்புறம், நேற்று பழைய கண்டெய்னரை அழித்ததில் எஸ்கியூலைட் டேட்டாபேஸில் இருந்த மூன்று நாள் கணக்கும் போச்சு!

நைட்ஷிப்ட்:
முதலில் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரை மறந்துவிடுங்கள். என்னையும் இரண்டு வருஷம் குழப்பியது அதுதான். கண்டெய்னருக்குள் 'ஸ்லீப் 1000' (1000 நொடி சும்மா காத்திருக்கும் கட்டளை) ஓட்டிவிட்டு, லேப்டாப்பில் இன்னொரு டெர்மினல் திறந்து பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) பட்டியலைப் பாருங்கள். அந்த ஸ்லீப் அங்கேயே உட்கார்ந்திருக்கும். உள்ளே அதன் எண் 1, வெளியே வேறு ஏதோ பெரிய எண். பிராசஸ் ஒன்றுதான், கெர்னலும் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) உங்கள் லேப்டாப்புடையதுதான். சுற்றி மறைப்பு கட்டுவது நேம்ஸ்பேஸ், எவ்வளவு மெமரி தின்னலாம் என்று அளந்து விடுவது சிகுரூப். இரண்டுமே டாக்கர் வருவதற்கு முன்பே லினக்ஸில் இருந்தவை. 2013-இல் வந்த டாக்கர் அவற்றை நம்மைப் போன்றவர்களும் கையாளும்படி ஆக்கியது.

நெட்வொர்க்குக்கும் இப்படி ஒரு மறைப்பு உண்டு. 127.0.0.1 என்பது 'நம்ம வீடு' என்று சொல்வது மாதிரி. யார் சொல்கிறார்களோ அவர்கள் வீடு. உங்கள் ஆப் கண்டெய்னரின் வீட்டுக்குள் மட்டும் காது கொடுக்கிறது. போர்ட் இணைப்பு வழியாக வருகிற ஆள் வாசல் வழியாகத்தான் வருவார், அங்கே கேட்க ஆளில்லை. பிளாஸ்க்கை 0.0.0.0-இல், அதாவது எல்லா வாசலிலும், கேட்கச் சொல்லுங்கள், திறக்கும்.

பழைய_சோறு:
கணக்கு போனதற்கு: இமேஜ் (கண்டெய்னர் உருவாகும் அச்சு) மாறாது, நீங்கள் எழுதுவதெல்லாம் அதன் மேல் விரித்த ஒரு மெல்லிய அடுக்கில் போகும். கண்டெய்னரை நிறுத்தினால் அந்த அடுக்கு இருக்கும், அழித்தால் கூடவே போய்விடும். நானும் ஒரு முறை டெஸ்ட் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை இப்படித் தொலைத்துவிட்டு டீம் லீடிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். டேட்டா ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்கு ஒரு வால்யூம் (கண்டெய்னரை அழித்தாலும் தங்கும் சேமிப்பிடம்) மாட்டுங்கள்.

கத்துக்குட்டி:
0.0.0.0 போட்டதும் திறந்துவிட்டது, நன்றி அண்ணா! ஸ்லீப்பையும் பார்த்தேன், வெளியே 48213 என்று நிற்கிறது. ஒரு சந்தேகம்: ஒரு வரி திருத்தினால்கூட பில்ட் எல்லா லைப்ரரியையும் திரும்ப இறக்குகிறது. மொபைல் டேட்டா தீர்ந்துபோகிறது.

நைட்ஷிப்ட்:
இமேஜ் கட்டும் படிகளை எழுதும் டாக்கர்ஃபைலில் மொத்த புரோகிராம் கோடையும் முதலில் காப்பி செய்துவிட்டு, அப்புறம் பிப் இன்ஸ்டால் (லைப்ரரிகளை இறக்கும் கட்டளை) போட்டிருப்பீர்கள், சரியா? இமேஜ் இந்தப் படிகளின் வரிசையில் அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது; ஒரு அடுக்கு மாறினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் புதிதாகக் கட்டப்படும். லைப்ரரி பட்டியல் ஃபைலை மட்டும் முதலில் காப்பி செய்யுங்கள், அடுத்து இன்ஸ்டால், கோடு கடைசியில். அந்தப் பட்டியலைத் தொடாதவரை டேட்டா செலவாகாது.

மேக்காரன்:
மேக்கில் அந்த ஸ்லீப்பைத் தேடி அரை மணி நேரம் வீணாக்கினேன்!

நைட்ஷிப்ட்:
அங்கே அது கண்ணில் படாது. மேக்கில் லினக்ஸ் கெர்னல் இல்லை, அதனால் டாக்கர் டெஸ்க்டாப் பின்னால் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினை ஓட்டுகிறது. உங்கள் ஸ்லீப் அதற்குள் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் அந்த வீடியோக்காரர் சொன்னது பாதி சரி.