பழைய டாஸ் கம்ப்யூட்டரில் மெமரி, டிஸ்க் தகராறு: அவரவர் அனுபவம்

குமளியிலிருந்து:

வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய்க் கடையில் இன்றைக்கும் 386 சிப் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை டைப் பண்ணி ஓட்டும் சிஸ்டம்) ஓடுவது. கடைக்கார அண்ணனின் அப்பா காலத்துக் கணக்கு முழுவதும் அதில் டிபேஸ் 3 பிளஸ் என்ற தகவல் சேமிக்கும் புரோகிராமில் கிடக்கிறது. எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு முன்பணம் போனது, காய் என்ன விலைக்கு விற்றது, எல்லாம். ஒரு பழைய பாக்கியைப் பார்க்கத் திறந்தால் ‘இன்சஃபிஷியன்ட் மெமரி’ (மெமரி போதவில்லை) என்று நின்றுவிட்டது. அதற்கு முன் பார்த்தவர் டிஸ்க்கை ஃபார்மட் பண்ணச் சொன்னாராம், அதாவது எல்லாவற்றையும் அழிக்க. அண்ணன் சம்மதிக்காதது பெரிய புண்ணியம்.

பெட்டியில் 4 எம்பி ரேம் இருந்தது. இருந்தும் சாதாரண டாஸ் புரோகிராமுக்கு அதில் பெரும்பகுதி உதவாது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 சிப்புக்கு மொத்தமே 1 எம்பிதான் எட்டும். அதில் மேலே 384 கேபியை வீடியோவுக்கும் பயாஸுக்கும் (ஆன் பண்ணியதும் கம்ப்யூட்டரை எழுப்பும் புரோகிராம்) ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் 640 கேபி. அந்த எல்லை பின்னால் வந்த பெட்டிகளுக்கும் தொடர்ந்தது. டாஸ், மவுஸ் டிரைவர், பஃபர் (டிஸ்க் தகவலைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) எல்லாம் அந்த 640-க்குள்தான் இடம் பிடிக்கும்.

இருந்தது டாஸ் 5. ‘மெம் /சி’ அடித்தால் எது எவ்வளவு தின்கிறது என்று வரிசையாகக் காட்டிவிடும். டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் பஃபர்ஸ் 50 என்று இருந்தது. ஒவ்வொன்றும் அரை கேபிக்கு மேல். அதைக் குறைத்தேன். மேல் மெமரியைத் திறந்துவிடும் ஹைமெம்.சிஸ் டிரைவரைப் போட்டு ‘டாஸ்=ஹை’ என்று ஒரு வரி சேர்த்ததும் டாஸின் பெரும்பகுதி 1 எம்பிக்கு மேலே போய்விட்டது. டிபேஸ் திறந்தது.

அப்புறம் கணக்கை ‘சார்ட்’ பண்ணினால் (வரிசைப்படுத்தினால்) டிஸ்க் நிறைந்துவிட்டது என்றது. சார்ட் என்றால் மூல ஃபைல் அளவுக்கே இன்னொரு ஃபைல் உருவாகும், அதற்கு இடமில்லை. பழைய வரவுகளை டெலிட் பண்ணியும் இடம் வரவில்லையே என்றார் அண்ணன். டிபேஸில் டெலிட் என்றால் அந்த ரெக்கார்டுக்கு (ஒரு பதிவுக்கு) நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். குறி விழுந்தவற்றை நிரந்தரமாக நீக்கும் ‘பேக்’ (PACK) கட்டளை கொடுத்தால்தான் இடம் திரும்பும். ஆனால் பேக் கொடுத்தபின் ‘ரீகால்’ பண்ணி அவற்றை மீட்க முடியாது. அதனால் முதலில் எல்லாவற்றையும் ஃபிளாப்பிகளில் பேக்கப் எடுத்தேன். டாஸின் பேக்கப் கட்டளை பெரிய ஃபைலைப் பல ஃபிளாப்பிகளாகப் பிரித்து எழுதும். பிறகு நட்சத்திரம் விழுந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தேடிய பாக்கி அங்கேதான் இருந்தது! தயவுசெய்து யாரும் பேக்கப் இல்லாமல் பேக் கொடுக்காதீர்கள்.

மலையில் மழைக்காலக் கரண்ட் வெட்டு தெரியும்தானே. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பெயரில்லாத துண்டுகள் டிஸ்க்கில் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் ‘செக்டிஸ்க் /எஃப்’ கட்டளை அவற்றை ஃபைல்0000.சிஎச்கே என்று பெயரிட்டு வெளியே எடுக்கும். திறந்து பார்த்துவிட்டு அழித்தோம். சார்ட்டுக்கு வேண்டிய இடம் கிடைத்தது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

குமளி அண்ணே, எங்கள் ஊர் அச்சாபீஸில் வேறு விதம். டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. ஆனாலும் புதுக் கல்யாணப் பத்திரிகையைச் சேமிக்க விடவில்லை. வருஷக்கணக்காக எல்லாப் பத்திரிகையையும் சி டிரைவின் ரூட்டிலேயே (எந்த டைரக்டரிக்குள்ளும் போகாத மேல்மட்டம்) போட்டு வைத்திருக்கிறார்கள். ஃபேட்16 முறையில் ஃபைல்களை வைக்கும் ஹார்ட் டிஸ்க்கின் ரூட்டில் வழக்கமாக 512 பெயருக்குத்தான் இடம். 1.44 எம்பி ஃபிளாப்பியில் 224. அது நிரம்பினால் எத்தனை எம்பி காலியிருந்தும் பயனில்லை. வேண்டாத ஒரு ஃபைலை அழித்து, அந்த இடத்தில் ஒரு டைரக்டரி உண்டாக்கி, பத்திரிகைகளை அதற்குள் மாற்றினேன். துணை டைரக்டரிக்கு அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. சரியாகிவிட்டது.

ஆரியங்காவிலிருந்து:

ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கம் ஈரக்காற்று அதிகம். ஆன் பண்ணும்போது எண்ணிக் காட்டும் ரேம் அளவு குறைந்தாலோ, பாரிட்டி எரர் (மெமரியில் தகவல் பிசகியது என்ற எச்சரிக்கை) வந்தாலோ, சாஃப்ட்வேரைத் தொடும் முன் சிம் (SIMM) எனும் ரேம் பலகைகளைக் கழற்றிப் பாருங்கள். தகரம் பூசிய கால்களில் ஆக்சைடு படிந்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்தபின் மாட்டினால் பல நேரம் போதும். 386டிஎக்ஸ் சிப் உள்ள பெட்டியில் 30 பின் சிம் என்றால் நான்கு நான்காகத்தான் மாட்ட வேண்டும். ஒவ்வொன்றும் 8 பிட், சிப்புக்கு வேண்டியது 32. ஒன்று கெட்டாலும் அந்த நான்கும் சேர்ந்து கணக்கில் வராமல் போகலாம்.