கொசுப் புகை வண்டி எப்போது வரும்? – புதுச்சேரி முத்தியால்பேட்டை தெருக் குழு

காலை 7:40

மளிகைக்கடை அண்ணன்: பின் வீட்டுப் பையனுக்கும் டெங்கு என்று சொல்லிவிட்டார்களாம். கொசு மருந்துப் புகை வண்டிக்கு யாராவது போன் போட்டீர்களா?

மாடி வீட்டு அக்கா: ஐயோ பாவம். எப்படி இருக்கிறான்?

கோடி வீட்டுத் தம்பி: வீட்டில்தான் இருக்கிறான் அக்கா. நேற்று காய்ச்சல் விட்டுவிட்டது. உட்கார்ந்து கேம் விளையாடுகிறான்.

சுகாதார சார்: தம்பி, டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். அடுத்த ஒன்றிரண்டு நாளில் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். உடம்பு வலி என்று கண்ட மாத்திரை கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில்.

கோடி வீட்டுத் தம்பி: சரி சார். அவன் அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மளிகைக்கடை அண்ணன்: (பலமுறை பகிரப்பட்ட படம்) பப்பாளி இலைச் சாறு, ஒரே நாளில் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) இரட்டிப்பு!! அனைவருக்கும் பகிரவும்

டீச்சர்: அண்ணா, போன மழைக்கும் இதையேதான் போட்டீர்கள். படத்தில் இருக்கிற டாக்டர் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

மளிகைக்கடை அண்ணன்: சரி, அதை விடுங்கள். வண்டி வருமா வராதா?

சுகாதார சார்: வரும். ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். புகை, அந்த நேரத்தில் பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். டெங்கு கொசு வீட்டுக்குள்ளே கட்டிலுக்கு அடியிலும் ஆணியில் மாட்டிய சட்டைக்குப் பின்னாலும் இருட்டில் உட்கார்ந்திருக்கும். நாமோ வண்டிச் சத்தம் கேட்டதும் சன்னலைச் சாத்திவிடுகிறோம். தொட்டியில் நெளிகிற புழுவைப் புகை ஒன்றும் செய்யாது. சில நாளில் அது கொசுவாகப் பறக்கும்.

மாடி வீட்டு அக்கா: முதலில் அந்தச் சாக்கடையை மூடச் சொல்லுங்கள் சார். சாயங்காலம் வாசலில் நிற்க முடியவில்லை.

சுகாதார சார்: மூடத்தான் வேண்டும் அம்மா. ஆனால் அது வேறு கொசு. இருட்டியபின் கடிக்கிற சாக்கடைக் கொசு யானைக்கால் பரப்பும். டெங்கு கொசு பகலில் கடிக்கும், நம் வீட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

மளிகைக்கடை அண்ணன்: கொசுவுக்கென்றே நம் ஊரில் 1975-லிருந்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்கு மரியாதை கொடுத்தாவது இந்தக் கொசு கடிக்காமல் இருக்கக் கூடாதா 😂

டீச்சர்: சிரிக்காதீர்கள் அண்ணா. 1981 முதல் 85 வரை புதுச்சேரியில் யானைக்காலைக் கட்டுப்படுத்த அவர்கள்தான் தெருத் தெருவாக வேலை செய்தார்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு ராத்திரி ரத்தம் எடுக்க வருவார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பி விரலில் குத்துவார்கள், ஒரே அழுகை. ஏன் பகலில் வரக் கூடாது என்று ஆயா சண்டை போடுவார். யானைக்கால் நோயைத் தருகிற நுண்புழு ராத்திரியில்தான் மேல் ரத்தத்துக்கு வருமாம்.

சுகாதார சார்: ஆமாம் டீச்சர். சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் தண்ணீர் நிற்கிற இடத்தைப் பார்த்துவிடலாமா?

மளிகைக்கடை அண்ணன்: எல்லா வீடும் எதற்கு சார்? காய்ச்சல் வந்த வீட்டையும் அக்கம்பக்கத்தையும் பார்த்தால் போதாதா? என் வீட்டில் ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. குளியலறை வரை ஆள் வந்து எட்டிப் பார்த்தால் எனக்குத்தான் வீட்டில் திட்டு விழும்.

சுகாதார சார்: நியாயமான கேள்விதான். பெரியம்மையை அப்படித்தான் ஒழித்தார்கள். நோயாளியைத் தேடிப் பிடித்து, அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் வளையம் கட்டியது போலத் தடுப்பூசி போட்டார்கள். 1980-ல் உலக சுகாதார நிறுவனம் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது. அங்கே அது பலித்ததற்குக் காரணம், பெரியம்மை வந்தால் முகத்திலேயே தெரியும். ஒளிக்க முடியாது.

சுகாதார சார்: டெங்கு அப்படி இல்லை. கிருமி புகுந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் காய்ச்சலே வராது, வந்தாலும் லேசாக வந்து போய்விடும். அவர்களைக் கடித்த கொசுவும் பத்து நாள் போல ஆனதும் அடுத்தவருக்குப் பரப்பும். அதனால் காய்ச்சல் வீடு என்று நாம் பார்ப்பது நமக்குத் தெரியவந்த வீடு மட்டும்தான். போலியோவும் இதே கதை. கிருமி தொற்றிய 200 பேரில் ஒருவருக்குத்தான் கால் விழும். மீதிப் பேரை எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால்தான் 1995-லிருந்து நாடு முழுக்க எல்லாப் பிள்ளைக்கும் சொட்டு மருந்து. 2011-க்குப் பிறகு இங்கே போலியோ கிருமி பரவவில்லை, 2014-ல் சான்றிதழே கொடுத்துவிட்டார்கள்.

டீச்சர்: யானைக்கால் மாத்திரையும் அப்படித்தானே சார். 2004-ல் ஆரம்பித்தபோது "எனக்கென்ன யானைக்காலா, நான் ஏன் விழுங்க வேண்டும்" என்று கேட்காத வீடு இல்லை. வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

சுகாதார சார்: ஊரில் 100-க்கு 65 பேராவது உண்மையாகவே விழுங்கினால்தான் பலன். நன்றாக இருப்பவர் ரத்தத்திலும் புழு இருக்கும், கொசு அவரிடமும் குடிக்கும். ஒருவருக்குத் தனியாகப் பார்த்தால் அந்த மாத்திரையால் பெரிய லாபம் இல்லை போலத்தான் தோன்றும். கணக்கு தெருவுக்கு, ஊருக்கு.

மதியம் 1:10

பிரான்ஸ் வீட்டு அண்ணன்: வணக்கம். இங்கே இப்போதுதான் விடிந்தது, எல்லாவற்றையும் படித்தேன். சாவி டீச்சரிடம் இருக்கிறது. மேல்தொட்டி மூடி காற்றில் போய்விட்டது என்று நினைக்கிறேன், காலி செய்துவிடுங்கள். பின்கட்டில் அப்பாவின் கல் தொட்டி இருக்கும். அதை மட்டும் உடைக்க வேண்டாம்.

சுகாதார சார்: உடைக்க மாட்டோம் தம்பி. ஆனால் தண்ணீரை இறைத்தால் மட்டும் போதாது. கொசு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே சுவரில்தான் ஒட்ட வைக்கும். கரிப்பொடி சிதறியது மாதிரி தெரியும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். தேங்காய் நார் போட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும்.

பிரான்ஸ் வீட்டு அண்ணன்: தேய்த்துவிட்டு மண் நிரப்பி ஏதாவது செடி வைத்துவிடலாமா சார்?

டீச்சர்: துளசி வைக்கிறேன். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

மாடி வீட்டு அக்கா: என் பூந்தொட்டித் தட்டுகளை இப்போதே கவிழ்த்துவிட்டேன். வாரம் ஒரு தடவை செய்தால் போதுமா சார்?

சுகாதார சார்: போதும் அம்மா. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதற்குள் கொட்டிவிட்டால் அந்தக் கூட்டம் பறக்காது.

மளிகைக்கடை அண்ணன்: என் வீட்டை நானே பார்த்துக்கொள்கிறேன். ஃபிரிட்ஜ் பின்னாடி தட்டுதானே? டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறேன்.

மளிகைக்கடை அண்ணி: அவர் கிடக்கிறார், நீங்கள் வாருங்கள் சார். குளியலறை கழுவித்தான் வைத்திருக்கிறேன். அந்த ஃபிரிட்ஜை இவர் கல்யாணம் ஆனதிலிருந்து நகர்த்தியதில்லை, கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது.

கோடி வீட்டுத் தம்பி: நான் வருகிறேன் அண்ணி. ஏழு மணிக்கா, ஏழரைக்கா?

மளிகைக்கடை அண்ணி: ஏழரைக்கு வா. இட்லி ஆகிவிடும்.