முரளி மனோகர் ஜோஷி: ஆய்வகத்தை விட்டுவிட்டு வந்தவரா, கொண்டு வந்தவரா?

தக்கலை வாத்தியார்:
முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வகுப்பறையிலிருந்து டெல்லிக்குப் போனவர்களில் எனக்கு மதிப்பு பா.ஜ.க.வின் முரளி மனோகர் ஜோஷி மேல். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். ஒளியைப் பிரித்து ஆராயும் நிறமாலையியலில் முனைவர். நெருக்கடி நிலையில் சிறை சென்று, 1977இல் அல்மோராவிலிருந்து மக்களவைக்கு வந்தார். 1991 டிசம்பரில் ஸ்ரீநகர் நோக்கி ஏக்தா யாத்திரையை, அதாவது ஒற்றுமைப் பயணத்தை, தொடங்கியது நம் கன்னியாகுமரியில்தான். கட்சி பிடிக்காதவர்களும் இதை ஒப்புக்கொள்ளலாம்: இயற்பியல் ஆய்வுக் கட்டுரையை இந்தியில் எழுதி வெளியிட்டவர் அவர். தமிழில் அறிவியல் வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிற நாம் எத்தனை கட்டுரை எழுதினோம்?

குளச்சல் கடலோடி:
சார், மொழி விஷயத்தில் நீங்கள் கேட்டது நியாயம். மற்றதில் இல்லை. 1998 முதல் 2004 வரை கல்வியும் அறிவியல் துறையும் அவர் கையில் இருந்தன. அந்தக் காலத்தில்தான், 2001இல், பல்கலைக்கழகங்களில் ஜோதிடத்தைப் பட்டப்படிப்பாக்கப் பல்கலைக்கழக மானியக் குழு முன்வந்தது. உயிரியல் அறிஞர் பார்கவா வழக்குப் போட வேண்டியதாயிற்று. சோதனையில் தோற்ற கருத்தைத் தூக்கிப் போடு என்று நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லையா?

தக்கலை வாத்தியார்:
அந்த வழக்கு 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானதையும் சொல்லுங்கள், தம்பி.

குளச்சல் கடலோடி:
பாடத்திட்டத்தைக் கல்வியாளர்கள் முடிவு செய்யட்டும் என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டால், ஜோதிடம் அறிவியல் ஆகிவிடுமா சார்?

மலையோர டீச்சர்:
இரண்டு பேரும் ஜாதகத்தை மூடி வையுங்கள். பேச்சிப்பாறைப் பக்கம் வேலை பார்த்தவள் நான். காணி இனப் பிள்ளைகள் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த வகுப்பறைகள் அனைவருக்கும் கல்வித் திட்டத்தில் கட்டியவை. அத்திட்டம் அவர் அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. 6 முதல் 14 வயதுவரை கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 86ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 2002இல், அப்போதுதான் வந்தது.

குளச்சல் கடலோடி:
அக்கா, உரிமை காகிதத்தில் வந்தது 2002இல். அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில், வேறு ஆட்சியில். நம் மாவட்டத்துக்கோ பள்ளிக்கூடம் டெல்லியிலிருந்து வரவில்லை. மயிலாடியில் மிஷன் காலத்திலேயே வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் என்றால், அது இருநூறு வருட உழைப்பு.

மலையோர டீச்சர்:
மயிலாடிக்கு வந்தது மலைக்கு ஏறவில்லை, தம்பி. அதைத்தான் சொல்கிறேன்.

தக்கலை வாத்தியார்:
டீச்சர் சொன்னதற்கு மேல் ஒன்று. ஆய்வகப் பழக்கத்தை நான் அவரிடம் பார்த்தது பதவியில் அல்ல, நாடாளுமன்றக் குழுக்களில். அலைக்கற்றை விவகாரத்தில் பொதுக் கணக்குக் குழுத் தலைவராகக் கோப்பு கோப்பாகத் தோண்டினார். அது எதிர்க்கட்சி வேலை என்பீர்கள். சரி, 2018இல்? மதிப்பீட்டுக் குழுத் தலைவராக, தன் கட்சி ஆண்டபோதே, வங்கிகளின் வாராக்கடன் பற்றி ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜனிடம் எழுத்துபூர்வ அறிக்கை கேட்டு வாங்கினார்.

குளச்சல் கடலோடி:
அப்போது அவருக்கு வயது 84. வாரணாசித் தொகுதியை 2014இலேயே மோடிக்கு விட்டுவிட்டுக் கான்பூருக்குப் போயிருந்தார். 2019இல் டிக்கெட்டே கிடைக்கவில்லை. இழக்க ஒன்றுமில்லாதவருக்குத் துணிச்சல் சுலபம்.

தக்கலை வாத்தியார்:
இழக்க ஒன்றுமில்லாத மற்றவர்கள் வாய் திறந்தார்களா? ஜோதிடக் கேள்விக்கு நானும் பூஜ்யம்தான் போடுகிறேன். அதற்காக மீதி விடைத்தாளைத் திருத்தாமல் கட்டி வைக்க முடியுமா?

குளச்சல் கடலோடி:
திருத்துங்கள் சார். ஆனால் இயற்பியல் வாத்தியாருக்கு அதுதான் கட்டாய வினா. அதை விருப்ப வினா ஆக்கிவிடாதீர்கள்.