ஆட்டு இதயமா, செல்போன் இதயமா?

மன்னார்குடி_விலங்கியல்:
நேற்றுப் பயிற்சியில் ஒரு கருத்தாளர் சொல்கிறார்: "ஆட்டு இதயத்தை அறுத்துக் காட்டும் காலம் முடிந்தது. இனி செல்போனும், கண்முன் இருப்பதோடு கணினி உருவத்தைக் கலந்து காட்டும் கலப்பு மெய்ம்மையும்தான். ஆசிரியர்களின் பயம்தான் தடை." இருபத்திரண்டு வருடமாக விடிகாலையில் கறிக்கடையில் நின்று இதயம் வாங்கி வருகிறவன் நான். எனக்கா பயம்? செல்போனில், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் ஈரிதழ் வால்வு ஒழுங்காகத் தெரியுமா, அதைச் சொல்லுங்கள்.

கும்பகோணம்_கணினி:
தெரியும் சார். திறந்து மூடுவதுகூடத் தெரியும். செத்த ஆட்டின் வால்வு மூடுமா?

மன்னார்குடி_விலங்கியல்:
மூடும். இடது வெண்ட்ரிக்கிளில், அதாவது இடது கீழறையில், தண்ணீரை நிரப்பி லேசாக அமுக்குங்கள். செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

திருத்துறைப்பூண்டி_தமிழ்:
எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தெளிவாக்கலாமா? பாடநூலின் க்யூஆர் கோடில் வீடியோ பார்ப்பது கலப்பு மெய்ம்மை ஆகாது. 1994-லேயே மில்கிராம், கிஷினோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதற்கு வரையறை...

மன்னார்குடி_விலங்கியல்:
ஐயா, அது கிடக்கட்டும். வால்வு?

மயிலாடுதுறை_டீச்சர்:
எங்கள் நிர்வாகம், போனைச் செருகிப் பார்க்கும் அட்டைக் கண்ணாடி வாங்கியது. போட்டுப் பார்த்த இரண்டு பிள்ளைகளுக்குத் தலைசுற்றல். அதில் பார்ப்பதற்கான எக்ஸ்பெடிஷன்ஸ் செயலியை 2021-ல் கூகுளே மூடிவிட்டது. கண்ணாடிகள் இப்போது பீரோவில் தூங்குகின்றன.

கும்பகோணம்_கணினி:
ஒரு செயலி போனால் இன்னொன்று, மேடம். இதயத்தைத் தட்டில் வைத்தாலே என் வகுப்பில் பாதிப் பேர் மூக்கைப் பொத்துகிறார்கள்.

மன்னார்குடி_விலங்கியல்:
கும்பகோணத்துச் சாக்கடைக்குப் பொத்தாத மூக்கா?

கும்பகோணம்_கணினி:
ஊரை இழுக்காதீர்கள். மன்னார்குடி மதிலழகு என்பார்கள். அந்த மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

மன்னார்குடி_விலங்கியல்:
ஓகோ! போன கண்காட்சியில் என் மாணவனின் மாதிரியை ஒதுக்கிவிட்டு யாருடைய டிஜிட்டல் படத்துக்குப் பரிசு கொடுத்தார்கள் என்று சொல்லட்டுமா? அதிலும் வால்வு தலைகீழாகத்தான் இருந்தது.

கும்பகோணம்_கணினி:
தலைகீழ் இல்லை. நீங்கள் போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தீர்கள்.

வேதாரண்யம்_கணிதம்:
எங்கள் பிள்ளைகள் வீட்டில் ஒரே போன். அதுவும் காலையில் அப்பாவோடு உப்பளத்துக்குப் போய்விடும். 2018 கஜா புயலில் வாரக்கணக்கில் கரண்டே கிடையாது. நீங்கள் வால்வைப் பிடித்துக்கொண்டு தொங்குங்கள்.

மன்னார்குடி_விலங்கியல்:
பார்த்தீர்களா, அவரும் என் பக்கம்தான்.

வேதாரண்யம்_கணிதம்:
நான் யார் பக்கமும் இல்லை சார்.

மன்னார்குடி_விலங்கியல்:
ஞாயிற்றுக்கிழமை என் பள்ளிக்கு வாருங்கள். தண்ணீர் ஊற்றி வால்வை மூடிக் காட்டுகிறேன்.

கும்பகோணம்_கணினி:
இது புரட்டாசி சார். இதயத்துக்கு எங்கே போவீர்கள்?

மன்னார்குடி_விலங்கியல்:
எங்கள் ஊரில் கடை திறந்திருக்கும். நீங்கள் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்தால் போதும்.