கலப்புக் குடும்பத்துப் பிள்ளைக்கு போன் மேரோ (எலும்பு மஜ்ஜை) டோனர் தேடின அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

தேக்காக்காரி (சிங்கப்பூர்):

எங்க அக்கா தமிழ், அக்கா வீட்டுக்காரர் ஹொக்கியென் சீனர். அவங்க பையனுக்கு ஏஎல்எல், ரத்தப் புற்றுநோய்தான். கீமோ போயிட்டு இருக்கும்போதே திரும்ப வந்திருச்சு, அதனால இனிமே டிரான்ஸ்பிளான்ட் தான் வழின்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கூடப் பொறந்தது ஒரே தங்கச்சி, அவளுக்கு டெஸ்ட் எடுத்தா மேட்ச் இல்ல. சரி ரெஜிஸ்ட்ரில பார்ப்போம்னு பார்த்தா, உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேல ஆளுங்க பேர் குடுத்து வச்சிருக்காங்களாம், அதுல இவனுக்கு முழுசா பொருந்துற ஆள் ஒருத்தர்கூட இல்ல. மாமா அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்துட்டு அக்காகிட்ட "உங்க சைட்லயும் இல்ல எங்க சைட்லயும் இல்லன்னா எப்படி"ன்னு கேட்கறார், அவ என்ன பதில் சொல்லுவா.

நாங்க சும்மா இருக்கல. பிஎம்டிபி-ன்னு போன் மேரோ டோனர்களைச் சேர்க்கற அமைப்பு ஒண்ணு இங்க 1993லேருந்து நடத்துறாங்க, அவங்ககிட்ட கேட்டு கிட் வாங்கி தேக்கா பக்கம் ஒரு மேசை போட்டோம். பஞ்சுக்குச்சியை கன்னத்து உள்பக்கம் தேய்க்கணும், அவ்ளோதான் வேலை. ஆனா பக்கத்துல வந்து நின்னு நோட்டீஸ் படிச்சிட்டு "முதுகுத்தண்டுல ஊசி குத்துவாங்களாமே, அப்புறம் நடக்க முடியாதாமே"ன்னு கேட்டுட்டுப் போற ஆன்டிங்கதான் ஜாஸ்தி. ஒரு அம்மா பொண்ணு கையில இருந்த குச்சியைப் புடுங்கி திரும்ப மேசை மேலயே வச்சுட்டாங்க, கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணாம். தோ பாயோல மாமாவோட அம்மா தனியா காப்பிக்கடை காப்பிக்கடையா ஏறி இறங்கிட்டு இருந்தாங்க, நல்ல கூட்டம் சேர்த்தாங்க, எழுபது வயசுக்கு மேல ஆச்சு அவங்களுக்கு.

ஆனா தமிழங்களா நூறு பேர் வந்தாலும் சீனங்களா நூறு பேர் வந்தாலும் இவனுக்கு ஆகுமான்னு தெரியல. இவனை மாதிரி சிண்டியன் (சீன-இந்தியக் கலப்பு) பசங்களைத் தேடினா ஆளையே புடிக்க முடியல. ஐசி-ல (அடையாள அட்டைல) ரெண்டு இனத்தையும் சேர்த்துப் போட்டுக்கலாம்னு 2011லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி பொறந்தவங்கல்லாம் பெரும்பாலும் அப்பா இனத்துலதான் இருப்பாங்க, பேரை வச்சும் கண்டுபிடிக்க முடியாது. இந்த மாதிரி அலைஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?

லேப்_வேலூர்:

எச்எல்ஏ லேப்ல, அதாவது டோனர் மேட்ச் பார்க்கற லேப்ல தான் எனக்கு வேலை, தெரிஞ்சதைச் சொல்றேன். 6வது குரோமோசோம்ல இருக்கற சில ஜீன்களைத்தான் நாங்க பார்க்கறது. ஏ, பி, சி, டிஆர்பி1, அப்புறம் டிக்யூபி1. ஒவ்வொண்ணுலயும் அம்மாகிட்டேருந்து ஒண்ணு அப்பாகிட்டேருந்து ஒண்ணு, ஆக மொத்தம் 10. அதுல முக்கியமான விஷயம் என்னன்னா அம்மா பக்கத்து அஞ்சும் பெரும்பாலும் ஒரே கட்டா வரும், அப்பா பக்கத்து அஞ்சும் ஒரே கட்டா வரும். உங்க பையன்கிட்ட ஒரு தமிழ்க் கட்டு ஒரு சீனக் கட்டு. ஈரோட்டுக்காரர் ஒருத்தருக்கு தமிழ்க் கட்டு அச்சு அசலா ஒத்துப்போகலாம், மத்த அஞ்சுக்கு எங்க போறது? உதாரணத்துக்கு பி 46:01-ன்னு ஒரு டைப் இருக்கு, தென்சீனா தென்கிழக்கு ஆசியா பக்கம் சர்வசாதாரணம், நம்மூர் சாம்பிள்ல அதைப் பார்க்கறதே அபூர்வம்.

அதுக்காக கலப்புன்னாலே கிடைக்காதுன்னு இல்லீங்க. ஏ 33:03, ஏ 11:01 எல்லாம் நம்மகிட்டயும் உண்டு அவங்ககிட்டயும் உண்டு, அதிர்ஷ்டம் இருந்தா எங்கயோ ஒருத்தர் மாட்டுவாங்க. இன்னொண்ணு, கூடப் பொறந்தவங்க மேட்ச் ஆகற சான்ஸ் எல்லா குடும்பத்துக்கும் 25 சதவீதம்தான், கலப்புக் குடும்பத்துக்கு அது குறையாது. வெளி ஆளைத் தேடும்போதுதான் இடிக்குது. அமெரிக்காவுல என்எம்டிபி ரெஜிஸ்ட்ரி சொல்ற கணக்குல வெள்ளைக்காரங்களுக்கு முழு மேட்ச் கிடைக்க 79 சதவீதம், ஆசியர்களுக்கு 47, கறுப்பினத்தவருக்கு 29. கலப்புப் பிள்ளைங்களுக்கு ஒரே நம்பரா சொல்லவும் முடியாது, எதோட எது சேர்ந்துச்சுங்கறதைப் பொறுத்து அது மாறும்.

மதுரைவீரன்77:

தெரியாம கேக்குறேன், பாதி அம்மா பாதி அப்பான்னா அந்த அப்பாவே குடுத்துட்டா என்ன? எதுக்கு ஊர் ஊரா தேடணும்

லண்டன்_பொடியன்:

நான் லண்டன். 2016 தொடக்கத்தில யூனியில படிச்சுக்கொண்டிருக்கேக்க லாரா கசலோட்டி எண்ட பிள்ளைக்காக பெரிய இயக்கமே நடந்தது. 24 வயசு, அம்மா தாய்லாந்து, அப்பா இத்தாலி, 2015 டிசம்பரில ஏஎம்எல், அதுவும் ஒரு ரத்தப் புற்றுநோய், எண்டு கண்டுபிடிச்சவை. கொஞ்ச நாளிலயே ஆயிரக்கணக்கில சனம் பதிஞ்சது, எங்கட யூனியிலயும் மேசை போட்டு நானும் நிண்டனான். அப்ப பஞ்சுக்குச்சி இல்லை, துப்புற குழாய். குழாயில இருக்கிற கோடு வரைக்கும் துப்ப வேணும், நுரை கணக்கில வராது. பெடியள் வாய் காஞ்சு போய் எலுமிச்சம்பழத்தை நினைச்சு நினைச்சு துப்பினவங்கள், ஒருத்தன் அரை மணித்தியாலம் குழாயோட நிண்டான். லாராவுக்கு அந்த வருசமே டோனர் கிடைச்சது.

இந்த நாட்டில அந்தோணி நோலன் எண்டுறதுதான் முதல் ரெஜிஸ்டர், உலகத்திலயே முதல் எண்டும் சொல்லுவினம். 1974இல ஷேர்லி நோலன் எண்ட தாய் தன்ர மகனுக்காகத் தொடங்கினது, அந்தப் பிள்ளைக்கு மட்டும் கடைசி வரைக்கும் பொருத்தமான ஆள் கிடைக்கேல்லை, 1979இல செத்துப்போச்சு. பிறகு 1996இல டேனியல் டி-கேல் எண்ட கறுப்பினப் பெடியனுக்காக அவன்ர தாய் தகப்பன் ஏசிஎல்டி எண்ட அமைப்பைத் தொடங்கினவை. அவனுக்கு 1999இல அமெரிக்காவில இருந்து டோனர் வந்தது. அந்த ஆக்கள் இப்பவும் சேர்ச், சலூன், கார்னிவல் எண்டு போய் ஆள் சேர்க்கினம், கலப்புப் பிள்ளையளையும் தேடிப் பதியினம்.

எங்கட சனத்தைப் பற்றித்தான் எனக்குக் கோவம். எத்தினை வீட்டில இப்ப வெள்ளை மருமகன், ஜமேக்கா மருமகள், பேரப்பிள்ளையள் எல்லாம் கலப்பு. அந்தப் பிள்ளைக்கு ஒரு வருத்தம் வந்தா மூச்சு விடமாட்டினம், கோயிலில அர்ச்சனை மட்டும் நடக்கும், என்னத்துக்கு எண்டு கேட்டா சும்மா எண்டுவினம். எங்களுக்குச் சொல்லாட்டி நாங்கள் ஆருக்காக மேசை போடுறது? அந்தோணி நோலனில 16இல இருந்து 30 வயசு வரைக்கும்தான் புதுசாச் சேரலாம், மாமாமாருக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை, பெடியளுக்குச் சொல்லுங்கோ.

பினாங்கு_ரோஜாக்:

நான் சிண்டியன், அப்பா தமிழ் அம்மா சீனம். காலேஜ்ல யாரோ மேசை போட்டிருந்தாங்க, ஓசி டீசர்ட் குடுத்தாங்கன்னு பேர் எழுதிட்டு மறந்தே போயிட்டேன். ரொம்ப வருஷம் கழிச்சு போன் வருது, ஒரு பேஷன்டுக்கு உங்களுது ஒத்துவர்ற மாதிரி இருக்கு இன்னும் ஒரு பிளட் டெஸ்ட் எடுக்கணும்னு. ஸ்கேம்னு நினைச்சு முதல்ல கட் பண்ணிட்டேன்.

முதுகுத்தண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மயக்க மருந்து குடுத்து இடுப்பெலும்புல எடுக்கறது இப்பல்லாம் கம்மி, முக்கால்வாசி பேருக்கு ரத்தத்துலேருந்துதான் எடுக்கறாங்க. ஜி-சிஎஸ்எஃப் ஊசி நாலஞ்சு நாளைக்குப் போடுவாங்க, அது எலும்புக்குள்ள இருக்கற ஸ்டெம் செல்லை ரத்தத்துக்குத் தள்ளிவிடும். அந்த நாள்ல இடுப்பும் தொடையும் காய்ச்சல் வந்த மாதிரி உள்ளுக்குள்ள குடையும், பாராசிட்டமால் போட்டுக்கிட்டேன். எடுக்கற அன்னைக்கு ஒரு கையில ஊசி வழியா ரத்தம் மெஷினுக்குப் போகும், வேண்டியதை மட்டும் பிரிச்சு வச்சுக்கிட்டு மிச்சத்தை மத்த கை வழியா திரும்ப ஏத்திடுவாங்க. நாலஞ்சு மணி நேரம், ரெண்டு கையும் மடக்க முடியாது, மூக்கு அரிச்சா நர்ஸைத்தான் கூப்பிடணும். பாதியில உதடு சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி ஆச்சு, பயந்துட்டேன். ரத்தம் உறையாம இருக்க சேர்க்கற மருந்து உடம்புல கால்சியத்தை இழுக்குமாம், கால்சியம் குடுத்ததும் அடங்கிருச்சு.

வீட்டுக்கு வந்தா அம்மா கருங்கோழி சூப்போட நிக்கறாங்க, அப்பாயி ஆட்டுக்கால் சூப்போட நிக்கறாங்க, ரெண்டையும் குடிக்காம விடல. யாருக்குப் போச்சுன்னு சொல்லமாட்டாங்க, அதுதான் ரூல். என்னை மாதிரி ஆளாத்தான் இருக்கணும்னு எனக்கு ஒரு நெனப்பு.

தேக்காக்காரி:

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்குங்க. மதுரை அண்ணன் கேட்டதுதான் கடைசில நடந்துச்சு. நடுவுல ஒரு வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரில 9/10 ஒருத்தர் கிடைச்சு, அவரும் சரின்னு சொல்லி, டெஸ்ட்டுக்கு தேதியெல்லாம் போட்ட பிறகு வீட்ல வேணாம்னுட்டாங்கன்னு விலகிட்டார். எங்கக்கா அன்னைக்கு ராத்திரி யாரோடயும் பேசல. அவர் இஷ்டம்தான், கட்டாயப்படுத்த முடியாது, புரியுது. ஆனா பேர் குடுக்கறப்பவே வீட்ல பேசியிருக்கலாம் இல்லையா, நாங்க அந்த ஒரு ஆளை நம்பித்தானே அத்தனை நாளும் உக்காந்திருந்தோம்.

அப்புறம்தான் ஹாப்லோன்னு டாக்டர் பேச்சை எடுத்தாங்க, பாதி மேட்ச். முன்னல்லாம் பாதி மேட்ச்ல செஞ்சா டோனரோட செல்லு பேஷன்ட் உடம்பையே தாக்கி ஆளை முடிச்சிரும்னு தொடவே மாட்டாங்களாம். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரில ஒரு வழிமுறை கண்டுபிடிச்சிருக்காங்க, செல் ஏத்தின மூணாம் நாளும் நாலாம் நாளும் சைக்ளோபாஸ்பமைடு குடுத்து, தாக்கக் கிளம்புற செல்லுங்களை மட்டும் பெரும்பாலும் அழிச்சிடறது. அம்மா குடுக்கறதா அப்பா குடுக்கறதான்னு பார்த்தப்ப பையன் ரத்தத்துல அக்காவோட எச்எல்ஏ டைப்புக்கு எதிரா ஆன்ட்டிபாடி இருந்துச்சு, அதனால மாமா. மனுஷன் ஊசின்னா எழுந்து ஓடுறவர்!

சுலபமா போச்சுன்னு சொல்லமாட்டேன். வாயெல்லாம் புண்ணு, தோல்ல தடிப்பு, காய்ச்சல் வந்து பயந்த நாள் நிறைய. இப்ப வீட்ல இருக்கான், ரத்தத்துல இருக்கறது பூரா அப்பா செல்லுன்னு ரிப்போர்ட். ஓ பாசிட்டிவா இருந்தவன் கொஞ்சம் கொஞ்சமா மாமா மாதிரி பி பாசிட்டிவ் ஆயிட்டு வர்றான், மாமா இதைச் சொல்லிச் சொல்லி எல்லாரையும் சாவடிக்கிறார். வீட்டுக்கு யாரையும் விடறதில்ல, பார்க்க வந்துட்டு கேட்டோட திரும்பிப் போற சொந்தக்காரங்க கோவிச்சுக்கறாங்க, கோவிச்சுக்கட்டும்.

ரோஜாக் தம்பி, நீங்க குடுத்தது யாருக்கோ, ஆனா அக்கா உங்க போஸ்ட்டை மாமாவுக்கு உக்காந்து படிச்சுக் காட்டினா. அந்த உதடு விஷயம் முன்னாடியே தெரிஞ்சதால அவர் மெஷின்ல படுத்திருக்கும்போது கத்தாம இருந்தார்.

லேப் அண்ணே, ஒரு கேள்வி. இவனுக்கு சின்ன வயசுல போட்ட தடுப்பூசி எல்லாம் திரும்ப முதல்லேருந்து போடணுமாமே, நிஜமாவா? ஸ்கூல்ல கேட்டுட்டே இருக்காங்க.

லேப்_வேலூர்:

நிஜம்தான்மா. பழைய எதிர்ப்பு சக்தி பெரும்பாலும் போயிடும், கைக்குழந்தைக்குப் போடற மாதிரி திரும்பத் தொடங்கணும். சில ஊசிகளை ஆறு மாசத்துலேருந்து ஒரு வருஷத்துக்குள்ள ஆரம்பிப்பாங்க. தட்டம்மை மாதிரி உயிருள்ள கிருமி வச்ச ஊசியை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போடறதில்ல, அதுக்கு அப்புறமும் டாக்டர் பார்த்து சொன்னாதான். ஸ்கூலுக்கு டாக்டர்கிட்டயே ஒரு லெட்டர் எழுதி வாங்கிக் குடுத்துடுங்க, தங்கச்சிக்குப் போட வேண்டியதை மட்டும் தள்ளிப்போடாதீங்க.